கல்முனைக்கு ஒரு பொதுத் தோட்டம்

ஆசிரியருக்கு,

பொங்கலுக்குப் புக்கையும் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பமும் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸும் வேலிக்கு மேலால் கைமாறுவது அம்பாறை மாவட்டத்தில் புதிதில்லை, ஆனால் தட்டைக் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுகிறோம். சும்மா கிடக்கும் அரச காணி ஒன்றில் அயலவர் சேர்ந்து கத்தரி, வெண்டி, பயிற்றை நட்டால் வருடம் முழுக்கப் பேச ஏதாவது இருக்கும் (பூச்சியைத் திட்டவாவது!). 2021இல் இரசாயன உரம் கிடைக்காமல் திண்டாடியபோது கூட்டெரு செய்யப் பழகினவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமே கேட்கலாம். விளைந்ததைப் பண்டிகை நாட்களில் அங்கேயே சேர்ந்து சமைப்போம். மேடை, பொன்னாடை, அரசியல்வாதி உரை மட்டும் வேண்டாம். சரி, காணியையும் தண்ணீரையும் மாநகர சபை தரட்டும், மாரி வெள்ளம் வடிந்த கையோடு தொடங்கிவிடலாம்.

கல்முனை வாசகர்