தண்ணீர்க் குழாயில் தெரிந்த பட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பில் முனைவர் பட்ட ஆய்வில் எப்படிச் சேர்வது, நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் விவரமாக எழுதுகிறீர்கள். சேர்ந்த பிறகு வரும் முதல் சில மாதங்களைப் பற்றி ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒன்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவள் நான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மணி அடித்தால் வகுப்பு என்று பழகிப்போனதால், இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளே இல்லாத காலைப்பொழுதுகள் ரொம்பவே மிரட்டின. முதல் மாதம் அறுபது கட்டுரைகளை இறக்கிவைத்து, வரிக்கு வரி மஞ்சள் பூசிப் படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை ஆகியவற்றைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, மேலே படிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யலாம் என்பதே பிறகுதான் தெரிந்தது. சரி, அது பரவாயில்லை.

லேபில் நடந்ததுதான் முக்கியம். டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் முறைதான் பிசிஆர். அதைப் போடும்போது, மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும் கூடவே ஓடும். அதற்கு நெகட்டிவ் கன்ட்ரோல் என்று பெயர். பெருகிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓடவிட்டால் பட்டையாகத் தெரியும். தண்ணீர்க் குழாய்க்கான இடம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். எனக்கு அங்கே பளிச்சென்று ஒரு பட்டை. மறுநாளும் பட்டை. கையுறையை மாற்றினேன், பைப்பெட்டை மாற்றினேன், மேசையை ஆல்கஹாலால் துடைத்துத் துடைத்துக் கை வறண்டதுதான் மிச்சம். மூன்று வாரம் இப்படியே போனது. வாராந்தரச் சந்திப்பில் கைடு கேட்டபோதெல்லாம் "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன் சார்" என்று பொய் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகள் எத்தனை பேரிடம் இதே பதிலைக் கேட்டிருப்பேன்!

கடைசியில், ஒருநாள் மாலை நான் ஜெல் படத்தை அவசரமாக மூடியதைச் சீனியர் அக்கா பார்த்துவிட்டார். "இதுவா? எல்லோருக்கும் வரும்" என்று சொல்லி, தன் பழைய லேப் நோட்டைத் திறந்து காட்டினார். அதே பட்டை, நாலு பக்கத்துக்கு.

அப்புறம் விளக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாவதால், 30 சுற்றில் ஒரு துணுக்கே கணக்குப்படி நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். பெருக்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுதான் ப்ரைமர். நான் பயன்படுத்துவதோ பாக்டீரியாக்களுக்குப் பொதுவான 16எஸ் மரபணுவுக்கானது, ஏறக்குறைய எந்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியையே பெரும்பாலும் பாக்டீரியாவில் வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துளி ஒட்டிக்கொண்டு வரலாம். வாங்கும் ரசாயனங்களிலேயே இந்தக் கலப்படம் இருப்பதைக் காட்டி 2014இல் கட்டுரையே வந்திருக்கிறது. என் அறுபதில் அது இல்லை!

எல்லோரும் எடுத்துப் புழங்கும் தண்ணீர்ப் பாட்டிலை விட்டுவிட்டுப் புதிய தண்ணீரைச் சின்னக் குழாய்களில் பிரித்துவைத்தோம். சுற்றுகளை 35லிருந்து 28ஆகக் குறைத்தோம். இரண்டு நாளில் பட்டை போய்விட்டது. கைடிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல் நாளே காட்டியிருக்கலாமேம்மா" என்றார், அவ்வளவுதான்.

சீனியரின் அந்த நாலு பக்கத்தை முதல் வாரமே யாராவது என் கையில் கொடுத்திருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். அச்சில் வரும் கட்டுரைகளில் சரியாக வந்த ஜெல் மட்டும்தான் இருக்கிறது. அதையே பார்த்துவிட்டு வரும் புதியவருக்குத் தன் கைதான் கோளாறு என்று தோன்றாமல் என்ன செய்யும்? உங்கள் கல்வி இணைப்பில் மாதம் ஒருமுறை, ஆய்வில் இருப்பவர்கள் தங்கள் முதல் வருடத்தில் சொதப்பியதை எழுத அரைப் பக்கம் ஒதுக்குங்கள். முதல் இதழுக்கு என் ஜெல் படத்தை அனுப்பிவைக்கத் தயார். பெயர் போட வேண்டாம், கைடும் இந்தப் பத்திரிகையைத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
முதலாம் ஆண்டு ஆய்வு மாணவி