'பிகாட்டன்' படத்தை மறுபடி முழுதாகத் திரையிடுங்கள்

திரைப்படச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும். 'பிகாட்டன்' (Begotten) படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பிரிண்ட் சரியில்லை" என்று மைக்கில் சொன்னீர்கள். பிரிண்டில் ஒரு குறையும் இல்லை. அந்தப் படமே அப்படித்தான்.

அமெரிக்க இயக்குநர் எலியாஸ் மெர்ஹிஜ் எடுத்து, 1989இல் வந்த படம் அது. வசனமே கிடையாது. மக்கிப்போன பழைய மௌனப்படச் சுருள் மாதிரி தெரிய வேண்டும் என்று, எடுத்ததை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது சுருளில் உள்ள ஒவ்வொரு தனிப்படமாக, மறுபடி படம்பிடித்தார். ஒரு நிமிடப் படத்துக்குப் பத்து மணி நேரம் வரை பிடித்ததாம். சாம்பல் நிறத்தை முடிந்தவரை நீக்கிக் கறுப்பையும் வெள்ளையையும் மோதவிட்டிருக்கிறார். திரையில் இருப்பது முகமா பாறையா என்று நம் கண்தான் தேட வேண்டும்.

பின்வரிசையில் யாரோ "ஒண்ணுமே தெரியல சார்" என்றதும் புரொஜெக்டரில் பிரைட்னஸைக் கூட்டினீர்கள். பூமித்தாய்க்குப் பிறந்த மகனை நாடோடிகள் தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்துப்போகிற காட்சி அது. கறுப்பு வெளுத்தது, கொடியும் காணோம், உடம்பும் காணோம். படத்தில் வரும் பூச்சிகளின் சத்தத்தை ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து வால்யூமையும் குறைத்துவிட்டீர்கள். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அதற்குமேல் பார்க்க எதுவுமே இல்லை.

கடினமான படம்தான், மறுக்கவில்லை. பிடிக்காதவர்கள் எழுந்து போகட்டும், கதவு திறந்துதானே இருந்தது? உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படத்தை முழுதாகக் காட்டுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இது புதிதும் இல்லை. மௌனப்பட வாரத்தில், நொடிக்கு 16, 18 ஃபிரேமில் ஓட வேண்டிய படங்களை 24இல் வேகமாக ஓட்டினீர்கள். அழுகிற பெண் துள்ளித் துள்ளி அழுதாள், அரங்கமே சிரித்தது. அந்த நடிகைக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? சந்தா வாங்கி நடத்துகிற சங்கத்தில், போடப்போகும் படத்தை ஒருமுறையாவது முன்கூட்டிப் பார்க்க ஆள் கிடையாதா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து 'பிகாட்டன்' படத்தை மறுபடி, முழுதாகப் போடுங்கள். கதவோரத்து டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். படம் இப்படித்தான் இருக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் யார் கத்தினாலும் புரொஜெக்டரைத் தொட வேண்டாம். தேதியை மட்டும் சொல்லுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்