லோகோரொடோண்டோ (தென் இத்தாலி, புலியா வட்டாரம்): சங்கச் செயலாளரின் இந்த வருடத்து அறிக்கை

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தோம், விழா வேலைகளைக் குறைத்துக்கொண்டு இந்த வருடம் காட்டுப்பக்கத்துக் கல்சுவர்களைக் கவனிப்பது என்று. ஆகஸ்ட் 16 சான் ரோக்கோ திருவிழாவில் வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்தோம், மறுநாள் காலை குப்பை அள்ளினோம். விழா விஷயம் அவ்வளவுதான். சுவரைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பழையவர்களுக்குத் தெரிந்ததுதான், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குன்றின் மேல், சுமார் 410 மீட்டர் உயரத்தில், வட்டமாக, வெள்ளையடித்து நிற்கும் ஊரைத்தான் எல்லோரும் படம் எடுத்துப் போகிறார்கள், ஆனால் நம் ஜனங்களில் பெரும் பங்கு கீழே இத்ரியா பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கொன்த்ராதாக்களில், அதாவது நாலைந்து வீடு சேர்ந்த குக்கிராமங்களில்தான் காலங்காலமாக இருந்து வருகிறது. பெரிய நிலக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நிலத்தைத் துண்டு துண்டாக நிரந்தரக் குத்தகைக்கு விட்டபோது, கையில் காசில்லாத குடியானவர்கள் அதை வாங்கி, மேலே கிடந்த சுண்ணாம்புப் பாறையைக் கடப்பாறையால் உடைத்து, செம்மண்ணைப் பரப்பித் திராட்சை நட்டார்கள். உடைத்த கல்லை எங்கே போடுவது? அதிலேதான் ட்ருல்லி என்கிற கூம்புக்கூரைக் கல்வீடுகள் எழும்பின, அதிலேதான் சுவர்களும் எழும்பின. நம் மண்ணின் ஆழம் பல இடங்களில் முழங்கால் அளவுகூட இல்லை. சுவர் சரிந்தால் ஒரு நல்ல மழைக்கு அது அப்படியே கீழே போய்விடும், திரும்ப வராது.

குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலைகளில் வேலை செய்தோம். முதல் நாள் வந்த பையன்களுக்குச் சுவர் என்றால் கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்ற எண்ணம்தான். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், ஒன்றும் சொல்லாமல் அவர்கள் அடுக்கியதன் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக ஆட்டினார். ஆடியது. கல்லை எடுத்து, ஒரு தரம் திருப்பி, கீழே இருக்கும் இரண்டு கல்லின் சேர்க்கை மேல் வருகிற மாதிரி உட்கார வைத்துவிட்டு, ஒரு சில்லைப் பின்பக்கத்திலிருந்து செருகினார். "முன்னால் ஆப்பு வைக்காதே தம்பி, மழைக்குக் கழன்று விழும், பின்னால் வை" என்றார். மறுபடி ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டு பக்கமும் பெரிய கல், நடுவில் பொடிக்கல், மேலே போகப் போக உள்பக்கம் கொஞ்சம் சாய்வு, சாந்து கிடையாது. அன்று மதியம் வரை ஓர் ஆள் நீளச் சுவர்கூட முடியவில்லை, ஆனால் அந்தத் துண்டு இன்றும் அப்படியே நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

சிமென்ட் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவசரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பத்து மீட்டர் சுவரைக் கொடுத்தோம், அவர் உள்ளே சிமென்ட் போட்டுப் பூசிவிட்டார். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கி, இந்த மார்ச்சில் சுவர் வயிறு தள்ளி விழுந்தது, கூடவே மூன்று பழைய திராட்சைக் கொடிகளும் போயின. எனக்கு மனசு ஆறவே இல்லை. சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், இத்தாலியோடு இன்னும் ஏழு நாடுகள் சேர்ந்து வாங்கிய அங்கீகாரம் அது. இனி சங்கத்தின் பணத்தில் கட்டும் எந்தச் சுவரிலும் சிமென்ட் வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், தயவுசெய்து ஆதரியுங்கள்.

அப்புறம் திராட்சை. வெர்தேகா, பியாங்கோ தலெஸ்ஸானோ என்ற இரண்டு திராட்சை ரகமும் சேர்ந்ததுதான் நம் வெள்ளை ஒயின். ஒரு காலத்தில் அது பீப்பாய் பீப்பாயாக வடக்கே போய் வெர்மூத் என்கிற மூலிகை ஒயினுக்கு அடிச்சரக்கானது, 1969-இல்தான் நம் ஊர்ப் பெயரிலேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஐரோப்பிய மானியம் வாங்கிக்கொண்டு கொடியைப் பிடுங்கியவர்கள் புலியா முழுக்க நிறைய, நம் ஊரிலும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குட்டையாகத் தனித்தனியாக நிற்கும் பழைய கொடிகளுக்குள் டிராக்டர் போகாது, எல்லாம் குனிந்து செய்யும் வேலை, அதற்கு ஆள் இல்லை. ஆனால் பிடுங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் ஊர் பசீலே கராமியா ஆராய்ச்சி மையத்தில் பழைய ரகங்களைக் காப்பாற்றுகிறார்கள், ஒரு குச்சியாவது அங்கே போகட்டும்.

ஆலிவ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2013-இல் நம் புலியாவின் தெற்கே காலிபோலி பக்கம் கண்டுபிடித்த சைலெல்லா, ஆலிவ் மரத்தைக் காயவைக்கும் பாக்டீரியா நோய், ஒஸ்தூனியையும் தாண்டி வடக்கே ஏறிவிட்டது. அதைப் பரப்பும் நுரைப்பூச்சியின் குஞ்சுகள் வசந்தத்தில் களையில்தான் இருக்கும், மார்ச், ஏப்ரலில் மரத்தடிக் களையை வெட்டிவிடுங்கள் அல்லது உழுதுவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் ஊரில் இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறோம்.

பழைய ஊருக்குள் மழைநீர் சேர்க்கும் ஒரு நிலத்தொட்டியைச் சுத்தம் செய்தோம். ஆறில்லாத ஊர் நம்முடையது, புலியா பெருங்குழாய்த் திட்டத் தண்ணீர் வரும் முன்னால் கும்மெர்சா என்கிற நம் ஊர்ப் பழைய வீடுகளின் செங்குத்தான கல்பலகைக் கூரையில் விழும் மழைதான் குடிநீர். சேற்றை வாளி வாளியாக எடுத்த பிறகு அடியில் பாறையில் வெட்டிய சின்னக் குழி ஒன்று தெரிந்தது, கடைசித் தண்ணீரையும் மொண்டுகொள்ளத் தோண்டியது. அதைத் தொட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நிலத்தைத் திறந்துவிட்டவர்களுக்கும், வேலைக்கு வந்தவர்களுக்கு மதியம் சோறு போட்ட வீடுகளுக்கும் நன்றி.

விழுந்த அந்தப் பத்து மீட்டரைத் திரும்பக் கட்டும் வேலை வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பம். கையுறை கொண்டுவாருங்கள், சுத்தியல் எங்களிடம் இருக்கிறது.