16 டன் இழுவை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ரயிலில் நின்றபடி பாதி படித்துவிட்டு மூடிவிடுவாய், அதனால்தான் தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நேற்று தேக்கா சந்தைக்குத் தனியாகவே போய் வந்தாள்.

போன ஞாயிறு போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. கருத்தரங்கில் ஒருவர் எழுந்து, துகள் இயற்பியலில் நீ போடும் மாடல் வெறும் கர்வ் ஃபிட்டிங், அதாவது வந்த எண்களுக்கு ஏற்றபடி கோட்டை வளைப்பது, கோட்பாடே இல்லை என்றாராம். நீ பதில் பேசாமல் உட்கார்ந்துவிட்டாயாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் அறையில் விட்டுப்போன நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்கும் நாலு நாள் போய் வந்தேன்.

புரோட்டான் போன்றவற்றை ஆக்கும் நுண்துகளான குவார்க்கும் அதன் எதிர்த்துகளான எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடிக்கு நீங்கள் எழுதும் நிலையாற்றலில் இரண்டு துண்டு இருக்கிறது. ஒன்று மிக நெருக்கத்தில் வேலை செய்கிறது. மற்றது தூரத்தோடு நேர்கோடாக ஏறிக்கொண்டே போகிறது. அந்த இரண்டாவதைப் பார்த்ததும் எனக்குத் தஞ்சோங் பகார் துறைமுகம்தான் ஞாபகம் வந்தது. கிரேனில் பெட்டியைத் தூக்கி நிறுத்தினால் 5 மீட்டர் உயரத்திலும் 25 மீட்டர் உயரத்திலும் கயிற்றில் தொங்கும் பாரம் ஒன்றுதான். உயர உயரக் கூடுவது ஆற்றல் மட்டும். ரப்பர் மாதிரி இழுக்க இழுக்க இறுகாது. உன் குவார்க்குகளும் அப்படித்தான் போலிருக்கிறது: விலகிப் போனாலும் விசை குறைவதில்லை, கூடுவதும் இல்லை. ஒரு ஃபெர்மி தூரத்துக்குச் சுமார் 1 ஜிஇவி ஆற்றல் என்று நீ ஓரத்தில் எழுதி வைத்திருந்தாய். ஆற்றலைத் தூரத்தால் வகுத்தால் விசைதானே, அதை டன்னுக்கு மாற்றிப் பார்த்தேன். 16 டன் வருகிறது! நம்பாமல் மூன்று தடவை போட்டேன், அம்மாவையும் கால்குலேட்டரில் தட்டச் சொன்னேன். சரக்கேற்றிய 20 அடி கண்டெய்னரின் பாரம், ஒரு புரோட்டான் அகலம்கூட இல்லாத இடைவெளியில். 31 வருடம் அந்தப் பாரத்தோடு வேலை செய்தவன் நான். உன் வேலை என்னவென்று எனக்கு முதல் தடவையாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சரி, அந்த மனிதர் சொன்னதற்கு வருகிறேன். 1974 நவம்பரில் புரூக்ஹேவனில் டிங் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் ரிக்டர் குழுவும் ஜே/சை துகளைக் கண்டன. கார்னெல் பல்கலைக்கழகத்துக் குழு அதைச் சார்ம் என்ற வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஜோடியாக எடுத்துக்கொண்டு, இதே எளிய நிலையாற்றலை வைத்துக் கணக்குப் போட்டது. முழுக் கோட்பாட்டிலிருந்து இறக்கிய சூத்திரம் அவர்களிடமும் இல்லை. ஆனால் ஜே/சைக்கும் அதே வகையில் ஆற்றல் கூடிய அடுத்த கிளர்நிலைக்கும் நடுவே இன்னும் சில நிலைகள் இருந்தாக வேண்டும் என்று கணக்கு சொன்னது. 1975-லேயே அவை சோதனையில் அகப்பட ஆரம்பித்தன. இன்னும் பார்க்காத புள்ளியை முன்கூட்டியே சொல்வது எப்படி வெறும் ஃபிட்டிங் ஆகும்? அப்புறம் 1977-இல் லெடர்மன் குழு கண்ட அப்சிலான், பாட்டம் என்ற வகைக் குவார்க்கின் ஜோடி. பாட்டம் குவார்க் சார்மைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். அப்படியிருந்தும் அப்சிலானுக்கும் அதே வகை அடுத்த நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளி 563 எம்இவி, ஜே/சையில் 589. குவார்க் மாறினாலும் கயிறு அதே கயிறு. இடத்தைச் சிறு சிறு கட்டமாகப் பிரித்துப் போடும் லாட்டிஸ் கணினிக் கணக்குகளும் பின்னாளில் அந்த நேர்கோட்டையே காட்டின. இதையெல்லாம் நீயே அவரிடம் சொல்லியிருக்கலாம், கண்ணு.

மாடல் தவறும் இடத்தைப் பற்றியும் சொன்னாய். 2003-இல் ஜப்பானில் பெல் சோதனையில் வந்த எக்ஸ்(3872) என்ற துகள், கணக்கு வைத்த இடத்தில் உட்காராமல், ஒரு டி மேசானும் (சார்ம் குவார்க்கும் ஒரு லேசான எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்) அதன் கிளர்நிலையான ஒரு டி-ஸ்டார் மேசானும் சேர்ந்த எடையை ஒட்டி நிற்கிறது என்றாய். துறைமுகத்தில் ஒரு நாள் சரக்குத்தாளில் 12 டன் என்றிருந்த பெட்டியைத் தூக்கினேன். மானி 20-ஐத் தாண்டியது. இறக்கி வைத்துத் திறந்து பார்த்தார்கள். உள்ளே தாளில் எழுதாத இரும்பு. தாளில் அந்த 12 இல்லாவிட்டால் 20 டன் வெறும் 20 டன்தான். யாரும் திறந்திருக்க மாட்டார்கள். எக்ஸ் விசித்திரமானது என்று உங்களுக்குத் தெரிந்ததே உன் மாடல் அங்கே வேறு எண்ணைச் சொன்னதால்தானே? அதை நீ குறையாகச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அளவுக்கு மேல் விலகினால் நடுவில் ஒரு லேசான குவார்க் ஜோடி பிறந்து, கயிறு அறுந்து, இரண்டு டி மேசானாகப் பிரிந்துவிடும் என்று படித்தேன். அறும்வரை அந்த 16 டன் அப்படியே இருக்குமா, முன்னாலேயே தளர ஆரம்பிக்குமா? இரும்புக் கயிறு என்றால் முதலில் இழை இழையாகத் தெறிக்கும். ஞாயிறு போன் செய்யும்போது நிதானமாகச் சொல், நோட்டு எடுத்து வைத்திருப்பேன்.

அம்மா மீன் மசாலாவும் கருவாடும் பார்சல் கட்டுகிறாள். கருவாட்டை அனுப்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்க மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா