கடைமடைப் பால்வாடிகளுக்கும் முறை வையுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் டெல்டா முழுக்க நனைந்துவிடாது. தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் மதகுகள் எல்லாம் திறந்தே கிடந்தால், கடைசியாகப் பாயும் கடைமடையான வேதாரண்யம் பக்கமும் தலைஞாயிறு பக்கமும் வாய்க்காலில் சேறுதான் மிஞ்சும். அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். ஆனால் அதே ஊர்களின் பால்வாடிகளுக்குப் போகும் பணத்துக்கு முறை என்று எதுவும் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறோம். தலை குறைவாக உள்ள இடத்துக்குக் குறைவாகப் போகிறது. அங்கே தலை ஏன் குறைந்தது என்று கேட்பதில்லை. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

முதலில் அடிப்படைத் தொகை. அங்கன்வாடிக் குழந்தை ஒன்றுக்கு ஊட்டச்சத்துச் செலவாக மத்திய அரசு 2017இல் நிர்ணயித்தது நாளொன்றுக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு, கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். இதில் பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. நாமக்கல்லில் முட்டையின் பண்ணை விலையே பல மாதங்களில் 5 ரூபாயைத் தாண்டுகிறது. முட்டை போடும் நாளில் பருப்பு, எண்ணெய், காய், கேஸ் எல்லாவற்றுக்கும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். வாரம் 3 முட்டை தொடர்ந்து கிடைப்பது மாநில அரசு தன் கையிலிருந்து போடுவதால்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். செலவு வரம்பை உயர்த்துவோம் என்று 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உயர்வு எவ்வளவாக இருந்தாலும் அதையும் தலைக்கணக்கிலேயே பிரித்தால் கடைமடையின் சிக்கல் தீராது.

ஏன் என்று ஒரு அடுப்பை வைத்தே சொல்கிறோம். குழந்தைக்கு 80 கிராம் அரிசி. 30 குழந்தைகள் இருந்தால் 2 கிலோ 400 கிராம், 10 குழந்தைகள் என்றால் 800 கிராம். அரிசி மூன்றில் ஒரு பங்காகிறது, கேஸ் அப்படி ஆவதில்லை. பாத்திரம் காய வேண்டும், உலை கொதிக்க வேண்டும், பருப்பு வேக வேண்டும். கடலோரக் கிராமத்தில் கைப்பம்புத் தண்ணீர் கடுத்தும் உவர்த்தும் இருக்கும். அதில் பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மசியாது. கொள்ளிடம் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் சமையல் ஒழுங்காக நடக்கும், பிடித்து வைக்க மூடியுள்ள தொட்டி வேண்டும். காய்கறிக்குத் தலைக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 ரூபாய்க்கு வெண்டையோ கத்தரியோ ஏதோ வாங்கலாம். 10 ரூபாய்க்குக் கடைக்காரர் தராசை எடுக்கமாட்டார். வாசலில் முருங்கை நின்றால் கீரை, இல்லையென்றால் வெறும் சாம்பார். தரையைக் கழுவும் பினாயில், துடைப்பம், பதிவேடு, பல்பு எல்லாமே இப்படித்தான். குழந்தை எண்ணிக்கை குறைந்தால் இவை எதுவும் குறைவதில்லை.

அந்த மையத்தில் ஏன் 10 பேர்தான் வருகிறார்கள்? டெல்டாவில் குடியிருப்புகள் வாய்க்கால் கரையோரம் நீள நீளமாகக் கிடக்கின்றன. மையம் பெரும்பாலும் ஊர்த்தெருவில் இருக்கும். காலனி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஜூனில் தண்ணீர் வந்தபின் நடுவில் இருப்பது மூங்கில் பாலமோ, கிடத்திப்போட்ட தென்னை மரமோதான். மூன்று வயதுக் குழந்தையைத் தனியாக அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டாள். கொண்டுவந்து விடலாம் என்றால் நடவுக்குப் போகிறவள் விடியற்காலையிலேயே கிளம்பியாக வேண்டும். மையம் அப்போது திறந்திருக்காது. குழந்தையை அக்காவிடம் விட்டுப் போகிறாள். அக்காவின் பள்ளிக்கூடம் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மையத்துக்குள்ளேயே தண்ணீர். இத்தனையும் சேர்ந்து வருகைப் பதிவேட்டில் ஓர் எண்ணாக நிற்கிறது. அந்த எண்ணைப் பார்த்துப் பொருள் ஒதுக்கினால், பாலம் இல்லாத குற்றத்துக்குக் குழந்தையின் பருப்பைக் குறைப்பதாகத்தான் ஆகும்.

உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13ஆம் தேதி தந்த உத்தரவை நினைவூட்டுகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். 40 பேர் சேராத இடத்துக்குத்தான் குறு அங்கன்வாடி. பெரியவர்களையும் சேர்த்து 150 பேர் கொண்ட குடியிருப்புக்கே அதை அமைக்கலாம். தமிழ்நாட்டின் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட மையங்களில் குறு மையங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். வாய்க்கால் குறுக்கிடும் ஊரில் தூரத்தை மீட்டரில் அளந்து "அருகிலேயே மையம் உள்ளது" என்று எழுதக் கூடாது. ஐப்பசி மாதத்தில் ஒரு குழந்தை நடந்து வரக்கூடிய வழியை அளந்து எழுத வேண்டும்.

இனி நாங்கள் மிகவும் கவலைப்படும் விஷயம். எடை, உயரக் கணக்கு.

எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உணவும் மருத்துவப் பரிந்துரையும் என்பதை அந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. உயரத்துக்கேற்ற எடை நடுஅளவிலிருந்து மைனஸ் 3 திட்டவிலக்கத்துக்குக் கீழே, அல்லது புயத்தின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அல்லது இரு பாதத்திலும் அழுத்தினால் குழிவிழும் வீக்கம்: இந்த மூன்றில் ஒன்றிருந்தால் கடும் குறைபாடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து நீளம் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையை மேல்பலகையில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்காலை அழுத்தி நேராக்கி, பாதத்தில் நகரும் பலகையைச் சேர்த்து அளவைப் படிக்க வேண்டும். உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் மையத்தில் பணியாளர் ஒற்றை ஆளாக இதைச் செய்கிறார். குழந்தை முழங்காலை மடக்கும், நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவாகப் பதிவாகும். நீளம் குறைந்தால் அதே எடை அந்த உயரத்துக்குப் போதுமானதாகத் தெரியும். மெலிந்த குழந்தை பட்டியலிலிருந்து மறைந்துவிடும். படுக்க வைத்து எடுத்த அளவுக்கும் நிறுத்தி எடுத்த அளவுக்கும் 0.7 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. எப்படி எடுத்தது என்று குறிக்காவிட்டால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். எடைக்கருவி மேடுபள்ளமான தரையில் நின்றாலோ, பேட்டரி இறங்கினாலோ, மழைநாளில் ஈரச் சட்டையோடு நிறுத்தினாலோ நூறு, இருநூறு கிராம் ஏறியிறங்கும். எல்லைக்கோட்டில் நிற்கும் எட்டு கிலோக் குழந்தைக்கு அது போதும்.

ஆக, ஆள் இல்லாத மையத்தில் அளவு தவறுகிறது. அளவு தவறினால் குறைபாடு இல்லை என்று மத்திய அரசின் அங்கன்வாடிப் பதிவுச் செயலியான போஷன் ட்ராக்கரில் ஏறுகிறது. குறைபாடு இல்லாத ஊருக்குக் கூடுதல் ஆளும் பொருளும் எதற்கு என்று கேள்வி வருகிறது. கடைமடைக் கிராமத்தின் திரையில் பச்சை நிறத்தைப் பார்த்தால் ஆறுதல் கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முதலில் அங்கே உதவியாளர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

காலியிடம் இன்றே நிரம்பாது என்பது எங்களுக்குத் தெரியும். நிரம்பும் வரை ஒரு வழி உண்டு. பக்கத்துப் பக்கத்து மையங்கள் இரண்டைச் சேர்த்து மாதத்தில் ஒரு நாளை அளவெடுக்கும் நாளாக வையுங்கள். இரண்டு பணியாளர்களும் காலையில் ஒரு மையத்தில், மதியம் மற்றதில். ஒவ்வொரு குழந்தைக்கும் இருமுறை அளந்து, இரண்டும் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் மூன்றாம் முறை. கிராம செவிலியரின் தடுப்பூசி நாளோடு சேர்த்தால் மூன்றாவது ஆளும் கிடைப்பார். காலையில் எடைக்கருவியில் ஒரு 5 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் கேட்டால் தருவார்கள். காலியிடங்களை நிரப்பும்போது கடைமடை ஒன்றியங்களிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மையங்களுக்கு ஒரே பணியாளர் என்னும் கூடுதல் பொறுப்பு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு 2025 ஜூலை முதல், வாங்குபவரின் முகத்தைச் செயலியில் சரிபார்க்கும் முகப்பதிவு கட்டாயமாகிவிட்டது. தாய் வயலில், சிக்னல் சாலையில், பணியாளர் நடுவில் நின்று தவிக்கிறார். அந்த நேரமும் குழந்தைகளின் நேரம்தான்.

கட்டடத்துக்கு வருவோம். வேலை உறுதித் திட்டத்தோடு சேர்த்துக் கட்டும் மையத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று வகுத்தார்கள். மேட்டு நிலத்துக்கும் திருவாரூர்க் களிமண்ணுக்கும் ஒரே எஸ்டிமேட். இந்த மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். ஆழமில்லாத வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி அதே களிமண்ணை உள்ளே நிரப்பினால் சில ஆண்டுகளிலேயே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். வானத்தில் மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும், பேஸ்மட்டத்தின் மேல் கம்பி கட்டிய பெல்ட் கான்கிரீட் சுற்றிவர ஓட வேண்டும். பேஸ்மட்டத்தின் உயரத்தை இன்றைய சாலையிலிருந்து அளக்கக் கூடாது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஏறிக்கொண்டே போகிறது. பத்து ஆண்டுக்கு முன் கட்டிய மையங்கள் இன்று சாலைக்குக் கீழே கிடப்பது அதனால்தான். ஊரில் வெள்ளம் ஏறி நின்ற கோட்டைப் பெரியவர்கள் காட்டுவார்கள். அதற்கு மேல் ஒன்றரை அடி வையுங்கள். கழிப்பறைக்கு உறைகிணறு இறக்கினால் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் மழைக்காலத்தில் அது பின்னோக்கிப் பொங்கும். அடிப்பாகம் பூசிய தொட்டியை உயர்த்திக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் கூடும் தொகையைத் தனியாகக் கொடுக்காவிட்டால் காண்ட்ராக்டர் வானத்தின் ஆழத்தில்தான் கை வைப்பார்.

வாடகை மையங்களில் பல, ஒரே அறை. ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, மறு மூலையில் குழந்தைகள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்துத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அந்த மண்ணில் இன்னொரு பிள்ளை அடுப்புள்ள அறையில் தூங்கக் கூடாது. சமையலைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாத கட்டடத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். நல்ல வீடு கிடைக்காததற்குக் காரணம் வாடகை வரம்பு என்றால் வரம்பை மாற்றுங்கள்.

ஊராட்சியின் பணத்திலும் இதே ஏற்றத்தாழ்வு. நகரை ஒட்டிய ஊராட்சிக்கு வீட்டு வரி, தொழில் வரி, மனைப்பிரிவு அனுமதிக் கட்டணம் எல்லாம் வரும். அது தன் மையத்துக்கு வர்ணம் பூசி மின்விசிறி போட்டுக்கொள்கிறது. வயலும் ஓட்டு வீடுமாக உள்ள ஊராட்சிக்கு வீட்டு வரியும் மானியமும்தான். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மையத்தின் குடிநீர்த் தொட்டியும் கழிப்பறையும் அதற்குள் சேரும் வேலைகளே. "அது வேறு துறைக் கட்டடம்" என்று ஒதுக்குவதை நிறுத்த எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தல் ஒன்று போதும். இந்த மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பொறுப்பாளர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்ட பல்பும் குழாயும் அதன்பின் மனுவாகி வரிசையில் நின்றன.

நாங்கள் கேட்பது இவை. பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் ஒவ்வொரு மையத்துக்கும் மாதாந்திர நிலைத்தொகை ஒன்று முதலில் போகட்டும்: கேஸ், காய்கறி, சுத்தம், சிறு பழுது இவற்றுக்கு. தலைக்கணக்கு அதற்கு மேல் வரட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறையும் வருகையை வைத்து எந்த மையத்தின் ஒதுக்கீட்டையும் குறைக்காதீர்கள். செப்டம்பர் முடிவதற்குள் கடைமடை மையங்களில் மூன்று வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், சத்துமாவு, ஒரு கூடுதல் சிலிண்டர் இருக்க வேண்டும். மூட்டைகளைத் தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். இல்லையென்றால் களிமண் தரையின் ஈரம் ஏறி ஒரே வாரத்தில் அரிசி பூசணம் பிடிக்கும். உடைத்த சத்துமாவு பாக்கெட்டை மூடி போட்ட டப்பாவில் கொட்டி வைக்க வேண்டும். மையம் திறக்க முடியாத நாட்களில் உலர்பொருள் வீட்டுக்குப் போகட்டும். உணவு தர முடியாத நாளுக்கு 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, ஈடாகப் படித்தொகையே தரச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக, மையவாரியாக ஒரு பட்டியல் வெளியிடுங்கள். கட்டடம் சொந்தமா வாடகையா, சமையல் தனி அறையிலா, குடிநீர் வாரத்தில் எத்தனை நாள், கழிப்பறை மழையில் இயங்குகிறதா, பணியாளர், உதவியாளர் இருவரும் உள்ளனரா, எடைக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, காலனியிலிருந்து வரும் வழியில் எத்தனை வாய்க்கால். ஒரு மையத்துக்கு ஒரு வரி போதும். அக்டோபர் 2 கிராமசபைக்கு ஒரு வாரம் முன்பு அந்த வரி அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். சபையில் தாய்மார்கள் அதைத் திருத்துவார்கள். திருத்திய பட்டியலை வைத்து அடுத்த ஒதுக்கீட்டைப் போடுங்கள்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடைக் கிராமங்களில் குழந்தைகள் ஊட்டச்சத்துப் பணியில் இருப்பவர்கள்