எலிஷா குக் செத்ததும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள்

பழைய ஹாலிவுட் படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கத்தாருக்கு,

வணக்கம். ஹாலிவுட் துணை நடிகர் எலிஷா குக் ஜூனியருக்காக ஒரு மாலை ஒதுக்கலாம் என்று பேச்செடுத்தாலே, அவர் சாகும் காட்சிகளை வரிசையாக ஒட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். சுடப்படுகிறார், விஷம் குடிக்கிறார், கழுத்து நெரிபடுகிறார். பத்து நிமிடத்தில் அரங்கம் சிரித்துவிடும், அவ்வளவுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சாவுக்கு முந்தைய ஐந்து நிமிடத்திலும் பிந்தைய இரண்டு நிமிடத்திலும்தான் அந்த மனிதர் இருக்கிறார்.

அறிமுகத்துக்கு நான்கு வரி போதும். 1903இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1933இல் யூஜின் ஓனீலின் ‘ஆ, வில்டர்னஸ்!’ நாடகத்தில் மகன் வேடம், பிறகு ஹாலிவுட். ஆஸ்கருக்கு ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. 1995இல், 91 வயதில், கலிபோர்னியாவின் பிக் பைன் ஊரில் காலமானார்.

‘தி பிக் ஸ்லீப்’ (1946) படத்தில் அவர் ஹாரி ஜோன்ஸ். அடியாள் கனீனோ நீட்டும் விஷத்தைக் குடிக்கும் இடத்தில் தொடங்கி, விழுந்ததும் நிறுத்தினால் ஒன்றுமே மிஞ்சாது. ஜோன்ஸ் முதன்முதலாகத் துப்பறிவாளர் மார்லோவிடம் பேச்சுக் கொடுக்கும் இடத்திலிருந்து போடுங்கள். ஜோன்ஸ் காதலிக்கும் ஆக்னஸைச் சொல்லி, அவள் உனக்குப் பெரிய ஆள் என்று மார்லோ சீண்டுவதும், குக்குக்கு முகம் சுருங்குவதும் அங்கேதான் வருகின்றன. பிறகு அலுவலகக் காட்சி: பக்கத்து அறையில் மார்லோ ஒளிந்திருக்க, மிரட்டலுக்குப் பயந்து ஜோன்ஸ் ஆக்னஸின் முகவரியைச் சொல்லிவிடுகிறார். அவர் செத்த பிறகு மார்லோ தொலைபேசியை எடுக்கும்போதுதான் அந்த முகவரி பொய் என்று தெரிகிறது. அந்தத் தொலைபேசிப் பேச்சு முடியும்வரை விளக்கைப் போடக் கூடாது. அலுவலகக் காட்சி முழுக்கத் தாழ்ந்த குரலில் நடப்பதால், ஒலி அளவை இந்தக் காட்சிக்குப் பொருத்தி வையுங்கள். முந்தைய படத்துண்டில் துப்பாக்கி வெடித்தது என்று குறைத்து வைத்தால், கடைசி வரிசைக்கு ஒரு சொல்லும் எட்டாது.

‘ஷேன்’ (1953) வேறு விதமாகக் கெடும். குக் நடிக்கும் டோரி சேற்றில் நிற்கிறார்; வில்லனாக வரும் ஜாக் பேலன்ஸ் மேலே மரத்தாழ்வாரத்தில் நடந்துவருகிறார். அந்த உயர வித்தியாசம்தான் காட்சியே. படம் பழைய 1.37 விகிதத்தில் (உயரத்தைப்போல் 1.37 மடங்கு அகலம்) எடுக்கப்பட்டது. அகலத்திரை மோகத்தில் மேலும் கீழும் வெட்டி 1.66இல் வெளியிட்டார்கள். வெட்டாத பிரதியைத் தேடுங்கள். சுடப்பட்டதும் குக் பின்னால் பறப்பது கம்பி கட்டி இழுத்ததால். தானாக விழுந்தால் அந்த வேகம் வராது. துண்டை இங்கேயும் சாவோடு நிறுத்தாமல், கூட வந்தவர் உடலை எடுத்துப்போவது வரை ஓடவிடுங்கள்.

புரொஜெக்டரில் செய்ய வேண்டியது சின்ன வேலைதான், ஆனால் அடிக்கடி சொதப்புவதும் அதுதான். 1.37 விகிதப் படங்களுக்கு, டிவிடியானால் படவிகிதம் 4:3. புளூரேயில் இருபுறக் கறுப்புப் பட்டை ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதற்கு 16:9 வைத்து, ஜூமைத் தொடாமல் விடுங்கள். 12 அடி அகலத் திரையில் படம் ஏறக்குறைய 9 அடிதான் வரும். திரை காலியாகக் கிடக்கிறதே என்று யாராவது இழுத்து நிரப்புவார், குக் குண்டாகிவிடுவார். குள்ளமும் ஒல்லியுமான அந்த உடம்பை வைத்துத்தான் அவர் பிழைத்தார்! அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941) படத்திலிருந்து இரண்டு துண்டுகள் போதும். ஒன்று, கதாநாயகன் போகார்ட் பின்னாலிருந்து குக்கின் கோட்டைத் தோளிலிருந்து கீழே இழுத்துக் கைகளை முடக்கி, இரண்டு துப்பாக்கிகளையும் பிடுங்குவது. இன்னொன்று, இறுதிப் பகுதியில் ஆத்திரத்தில் குக்குக்குக் கண்ணீர் முட்டும் குளோசப். அடியாளுக்கு அழுகை வரலாம் என்று காட்டிய நடிகர்கள் அப்போது அதிகமில்லை. ‘ஃபாண்டம் லேடி’ (1944) படத்தில் குக் டிரம்ஸ் வாசிக்கும் காட்சியை முழுச் சத்தத்தில் போடுங்கள். அங்கே வசனத்துக்கு வேலை இல்லை.

முழுப்படமாகப் போட வேண்டியது ‘தி கில்லிங்’ (1956). 85 நிமிடம். காலம் முன்னும் பின்னுமாகத் தாவுவதால் துண்டு போட்டால் புரியாது. குதிரைப் பந்தய மைதானத்துச் சீட்டு ஜன்னலில் உட்காரும் ஜார்ஜ் பீட்டியாகக் குக், தன்னைவிட உயரமான மனைவியிடம் கெஞ்சும் காட்சிகளைப் பாருங்கள். மனைவி வேடத்தில் மேரி வின்ட்சர் ஒரு இரக்கமும் காட்டமாட்டார்.

காப்புரிமைத் தொல்லை இல்லையே என்று ‘ஹவுஸ் ஆன் ஹான்டட் ஹில்’ (1959) படத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதில் அவருக்குக் குடித்துவிட்டுப் பேயைப் பற்றி எச்சரிப்பதைத் தவிர வேலையில்லை. நேரம் மிஞ்சினால் ‘ரோஸ்மேரிஸ் பேபி’ (1968) தொடக்கத்தில் அவர் வாடகைக்கு வீடு காட்டும் காட்சியைப் போடுங்கள். அதில் அவர் சாகவில்லை.

இப்படிக்கு,
குக்கின் ரசிகர்கள் சிலர்