நோட்டு எழுதுறவங்கள பத்தி நீங்க போட்ட அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோர்ட்டுகள்ல கேஸ் தேங்கிக் கெடக்குறத பத்தி போன ஞாயித்துக்கிழமை ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் ஆரம்பிச்சுது, நடுவுல "சமூக சேவைங்கிற பேர்ல வெளியாட்கள் கோர்ட் ஹால்ல வந்து உட்கார்ந்து நோட்டு எழுதிக்கிட்டு இருக்காங்க"ன்னு ஒரு வரி. அத படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு ஆறல. உங்க பத்திரிகைய வருஷக்கணக்கா படிக்கிறவ நான், ஒரு லெட்டர் போட்டதில்ல, இந்த ஒரு வரிக்காகத்தான் போடுறேன்.

வெளியாள்னு யார சொல்றீங்க சார்? கிரிமினல் கோர்ட் பொதுமக்களுக்கு தொறந்த எடம்னு சட்டத்துலயே இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில 327வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்திருக்குற பிஎன்எஸ்எஸ்ல 366வது பிரிவு. பாலியல் பலாத்கார வழக்கு மாதிரி மூடிய அறையில நடக்குறதையும், நீதிபதியே வேணாம்னு உத்தரவு போடுறதையும் தவிர யார் வேணா போய் உட்காரலாம். உங்க நிருபரும் அந்த உரிமையிலதான உட்கார்றாரு. இது உங்களுக்கு தெரியாம இருக்காது.

அவங்க நோட்டுல என்ன எழுதுறாங்கன்னு நான் கண்ணால பாத்தவ. என் அக்கா பையன பைக் திருட்டு கேஸ்ல புடிச்சு ரிமாண்ட் பண்ணி ஜெயில்ல வச்சுட்டாங்க. காவல் நீட்டிப்பு அன்னிக்கு வீடியோல மூஞ்சி காட்டுவான், என்ன ஏதுன்னு பாக்குறதுக்குள்ள அடுத்த தேதி சொல்லிட்டு போயிடுவாங்க, நாங்க காசு கொடுத்து வச்ச வக்கீல் போனே எடுக்கல. கோர்ட் வராண்டாவுல நானும் அக்காவும் நின்னுட்டு இருந்தப்ப நீங்க வெளியாட்கள்னு எழுதினீங்களே, கோர்ட்ல உட்கார்ந்து கைதிங்களோட கேஸ் தேதிய குறிச்சு வைக்கிற அமைப்பு, அதுலேர்ந்து ஒரு பொண்ணு தானா வந்து பேசுச்சு. கையில கோடு போட்ட நீள நோட்டு. மொத கட்டத்துல ரிமாண்ட் தேதி, அடுத்ததுல 60வது நாள் என்னிக்கு வருது, அதுக்கடுத்து 90வது நாள், கடைசில சார்ஜ் ஷீட், அதான் போலீஸ் கோர்ட்ல கொடுக்குற குற்றப்பத்திரிகை, வந்துச்சா இல்லையா. அவ்வளவுதான் அந்த நோட்டு.

திருட்டு மாதிரி கேஸ்ல 60 நாளைக்குள்ள போலீஸ் சார்ஜ் ஷீட் போடலன்னா ஜாமீன் உரிமையா கெடைக்கணும், பெரிய குற்றம்னா 90 நாள். ஆனா நாமளா மனு போட்டு கேக்கணும், கேக்குறதுக்குள்ள அவங்க சார்ஜ் ஷீட்ட கொண்டாந்து வச்சுட்டா அந்த உரிமை போயிடும். உள்ள இருக்குற பையனுக்கு இது எப்படி தெரியும்? அக்காவுக்கு எப்படி தெரியும்? வக்கீல் சொல்லல, வேற யாரும் சொல்லல, அந்த பொண்ணுதான் நாள எண்ணி வச்சிருந்துச்சு. இலவச சட்ட உதவி வக்கீல்கிட்ட கூட்டிட்டு போனதும் அதுதான். பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி, ஜெயில்ல இருக்குறவங்க இவங்களுக்கெல்லாம் வருமானம் பாக்காமலே வக்கீல் கொடுக்கணும்னு 1987லயே சட்டம் வந்தாச்சாம், நாங்க நகைய அடகு வச்சு வக்கீல் புடிச்சிருந்தோம்.

ஜாமீன் கெடச்சும் பையன் வீட்டுக்கு வரல. ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்து போடணும், ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், வீட்டு வரி ரசீது வேணும்னாங்க. வாடகை வீட்டுல இருக்குறவங்க வரி ரசீதுக்கு எங்க போறது? ஜாமீன் உத்தரவு வந்து 7 நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டெண்ட், இலவச சட்ட உதவிய கவனிக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்கு தெரிவிக்கணும், ஒரு மாசத்துல ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியலன்னா நிபந்தனைய தளர்த்தலாமான்னு கோர்ட்டே பாக்கலாம்னு 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அத எடுத்துக் காட்டி மனு எழுத வச்சதும் இந்த வெளியாட்கள்தான். அப்புறம்தான் நிபந்தனைய கொறச்சாங்க.

சொல்ல வேணாம்னு நெனச்சேன், ஆனா அதுவும் மனசுல கெடக்கு. அவன புடிச்ச அன்னிக்கு பேரு ஊரு தெருவோட போட்டோ போட்டீங்க, "பைக் திருடன் கைது"ன்னு. கேஸ் இன்னும் விசாரணைக்கே வரல, அதுக்குள்ள திருடன்னு யாரு முடிவு பண்ணது? இவ்ளோ வருஷமா படிக்கிறேனே, கைதானவங்க போட்டோ தெனமும் வருது, அவங்க விடுதலையானா அதே எடத்துல ஒரு செய்தி வந்து நான் பாத்ததில்ல.

1979 ஜனவரில பீகார் ஜெயில்கள்ல விசாரணையே இல்லாம வருஷக்கணக்கா கெடந்தவங்கள பத்தி போலீஸ் அதிகாரியா இருந்த ருஸ்தம்ஜி இந்தியன் எக்ஸ்பிரஸ்ல எழுதினாரு, அந்த கட்டுரைய வச்சுதான் வக்கீல் கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாங்க, அதுதான் ஹுசைனாரா காதூன் வழக்கு. குத்தம் நிரூபணமானா கெடைக்கிற தண்டனைய விட அதிக காலம் உள்ள இருந்தவங்கல்லாம் அதுல வெளிய வந்தாங்க. ருஸ்தம்ஜியும் அந்த ஜெயிலுக்கு வெளியாள்தான சார். ஒரு பத்திரிகையால செய்ய முடிஞ்ச காரியம் அது. உங்ககிட்ட அதெல்லாம் எதிர்பாத்துதான் நாங்க படிக்கிறோம், நீங்க இப்படி எழுதினா வலிக்குது.

நான் கேக்குறது ரெண்டுதான். அந்த "வெளியாட்கள்"ங்கிற வார்த்தைக்கு ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம் கைது செய்தி வர்ற பக்கத்துல ஒரு ஓரமா, இலவச சட்ட உதவிக்கு 15100க்கு கூப்பிடலாம்னு தெனமும் ஒரு வரி போடுங்க.

என் பேர போட வேணாம், அக்கா பையன் கேஸ் இன்னும் நடந்துட்டு இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் வாசகி